கல்லாகவும் முடியாத கவிஞன்

காற்றின் இரைச்சல் உங்களுக்கும் கேட்கும் என்று நினைக்கிறேன். மைக்குக்கு உறை போட்டிருக்கிறேன். ஆனாலும் கருங்கடல் பக்கத்திலேயே இருக்கிறது, அதை அடக்க முடியாது. வணக்கம் நண்பர்களே. நான் நிற்பது ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா நகரம், ஓவிட் சதுக்கம். எனக்குப் பின்னால் தெரிவது வரலாற்று, தொல்லியல் அருங்காட்சியகம். அதன் முன்னால் மோவாயில் கை வைத்துத் தலை குனிந்து ஒருவர் நிற்கிறார் பாருங்கள், ரோமானியக் கவிஞர் ஓவிட், அவரைப் பார்க்கத்தான் வந்தேன்.

எத்தோரே ஃபெராரி என்ற இத்தாலியச் சிற்பி செய்த சிலை இது. 1887-இல் இங்கே நிறுத்தினார்கள். ரோமில் தத்துவஞானி ஜியோர்டானோ புரூனோவின் சிலையைச் செய்தவரும் இவரே. இதே ஓவிட் சிலையின் பிரதி ஒன்று இத்தாலியின் சுல்மோனாவில் 1925 முதல் நிற்கிறது. சுல்மோனா ஓவிட் பிறந்த ஊர். இது அவர் இறந்த ஊர். அவர் காலத்தில் இதன் பெயர் டோமிஸ்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 43-இல் பிறந்த ஓவிட், ரோமின் புகழ்பெற்ற கவிஞர். கி.பி. 8-இல், ஐம்பது வயதில், பேரரசர் அகஸ்டஸ் அவரை இந்தக் கடற்கரைக்கு அனுப்பினார். குடியுரிமையைப் பறிக்கவில்லை, சொத்தையும் பறிக்கவில்லை. ஊரை மட்டும் பறித்தார். கி.பி. 17 அல்லது 18-இல் இறக்கும்வரை ஓவிட் திரும்பவே இல்லை. இங்கிருந்து ‘டிரிஸ்டியா’ என்ற துயரப் பாடல்கள் ஐந்து நூல், ‘பொன்டஸிலிருந்து கடிதங்கள்’ (பொன்டஸ் என்பது இந்தக் கருங்கடல் பகுதி) நான்கு நூல், ‘ஐபிஸ்’ என்ற நீண்ட வசைப்பாடல் ஒன்று, இவ்வளவும் எழுதினார்.

காரணம் என்ன? இரண்டு குற்றங்கள் என்று அவரே சொல்கிறார்: ‘கார்மென் எத் எர்ரோர்’, ஒரு கவிதையும் ஒரு தவறும். கவிதை எதுவென்று தெரியும். காதல் கலையைக் கற்பிக்கும் ‘ஆர்ஸ் அமட்டோரியா’. தவறு என்னவென்று அவர் சொல்லவே இல்லை. சொன்னால் பேரரசரின் காயத்தை மறுபடி கீறியதாகிவிடும் என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஆனால் முழுதாக வாய்மூடி இருக்கவும் அவரால் முடியவில்லை. அந்த இடத்தில்தான் புராணம் வந்து அவருக்காகப் பேசுகிறது.

டிரிஸ்டியாவின் இரண்டாம் நூல் முழுவதும் அகஸ்டஸுக்கு எழுதிய ஒரே பாடல். அதில் திடீரென்று கேட்கிறார்: நான் ஏன் அதைப் பார்த்தேன்? ஏன் என் கண்களைக் குற்றவாளியாக்கினேன்? அடுத்த மூச்சில் ஆக்டியானை இழுக்கிறார். வேட்டைக்குப் போன இளைஞன், வழிதவறி, குளித்துக்கொண்டிருந்த டயானா தேவியைத் தெரியாமல் பார்த்துவிடுகிறான், மானாக மாற்றப்படுகிறான், அவன் வளர்த்த நாய்களே அவனைக் கடித்துக் குதறுகின்றன. தெய்வத்தை நோகடித்தால் தற்செயலுக்குக்கூட மன்னிப்பு இல்லை என்கிறார் ஓவிட்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். ஏனென்றால் ஆக்டியானின் கதையை அவர் முன்பே எழுதியிருக்கிறார். ‘மெட்டமார்ஃபோசஸ்’, அதாவது உருமாற்றங்கள் என்ற அவருடைய பெருங்காவியத்தின் மூன்றாம் நூலில் அது இருக்கிறது. அங்கே கதையைத் தொடங்கும்போதே, நன்றாகத் தேடிப் பார்த்தால் இது விதியின் குற்றம், அவன் செய்த பாதகம் அன்று. வழிதவறியதில் என்ன பாதகம் இருக்கிறது என்று கேட்டிருப்பார். வழிதவறுதலுக்கு அங்கே அவர் இட்ட சொல் ‘எர்ரோர்’. தன் தவறுக்கு இங்கே இட்ட அதே சொல். ஆக்டியானின் கதை முடிவில், தேவி நியாயத்துக்கு மீறிக் கொடுமை செய்துவிட்டாள் என்று சிலர் பேசிக்கொண்டதாகவும் அங்கே ஒரு வரி உண்டு. அகஸ்டஸ் காவியத்தை எடுத்துப் புரட்டியிருந்தால் தீர்ப்பு அதற்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார். மன்னிப்புக் கேட்கும் பாடலுக்குள் இப்படி ஒரு வழக்கையும் வைத்த துணிச்சல் சாதாரணமானது இல்லை.

இந்தப் பாடல்களைப் பற்றிப் பலர் சொல்லும் குறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரே புலம்பல், ஒரே முகத்துதி, வரிக்கு வரி புராணப் பெயர்களின் அணிவகுப்பு என்பார்கள். முதல்முறை படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பெயர்கள் வரும் இடங்களைத் தாண்டித் தாண்டிப் படித்தேன். அது பெரிய பிழை. அந்தப் பெயர்களை எடுத்துவிட்டால் இந்தப் பாடல்களில் உயிரே இருக்காது.

கொஞ்சம் இருங்கள், சிலையின் மறுபக்கம் போகிறேன், இங்கே காற்று குறைவு.

டிரிஸ்டியாவின் முதல் பாடலில் தன் புத்தகத்தையே பார்த்துப் பேசுகிறார். சின்னப் புத்தகமே, நான் இல்லாமல் நீ மட்டும் ரோமுக்குப் போகிறாய் என்று தொடங்குகிறார். வீட்டுக்குப் போனால் அலமாரியில் உன் அண்ணன்மார் இருப்பார்கள். அவர்களில் உருமாற்றங்களைப் பாடும் பதினைந்து நூல்களும் உண்டு. என் வாழ்வின் முகத்தையும் அந்த மாறிய உடல்களோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொல் என்கிறார். நாடு கடத்தப்பட்ட புதிதில், தானும் ஒரு உருமாற்றக் கதை ஆகிவிட்டதாக அவர் நினைக்கிறார்.

சில ஆண்டுகள் கழித்து, பொன்டஸ் கடிதங்களின் முதல் நூலில், ரோமில் செல்வாக்குள்ள ஃபேபியஸ் மாக்ஸிமஸுக்கு எழுதும்போது அந்த நினைப்பு உடைந்துவிடுகிறது. நயோபியே, நீ பாக்கியசாலி என்கிறார். பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் கண் முன்னே செத்து விழக் கண்ட தாய் நயோபி. அவளையா பாக்கியசாலி என்கிறார்? ஆம். அவள் கல்லாகிவிட்டாள், உணர்ச்சி போய்விட்டது. ஃபேத்தனின் சகோதரிகளையும் அப்படியே வாழ்த்துகிறார். இறந்த தம்பியை நினைத்து அழுத அவர்களுடைய வாயைப் பாப்ளர் மரத்தின் பட்டை வந்து மூடியது. அதன் பிறகு எழுதுகிறார்: எந்த மரத்துக்குள்ளும் அனுமதி கிடைக்காதவன் நான். கல்லாக வேண்டும் என்று வீணாக ஏங்குகிறவன் நான். பார்ப்பவரைக் கல்லாக்கும் மெடூசாவே என் கண்ணெதிரே வந்து நின்றாலும், அந்த மெடூசா தன் வலிமையை இழந்துவிடுவாள்.

கல்லாவது சாபம் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நம் அகலிகை, கல் நீங்கிப் பெண்ணாக எழுவதற்காகக் காத்துக் கிடந்தாள். ஓவிடோ அந்தக் கல்லைத்தான் கேட்கிறார். பெண்களை மரமாக, பறவையாக, ஊற்றாக, பாறையாக மாற்றி எழுதியவருக்கு, அந்த மாற்றம் எவ்வளவு பெரிய கருணை என்பது தனக்கு அது மறுக்கப்பட்ட பிறகுதான் தெரிகிறது. தான் படைத்த உலகத்தின் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார், யாரும் திறக்கவில்லை. லத்தீன் கவிதையில் எனக்குத் தெரிந்த மிகத் துயரமான வரிகள் இவை. ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தில் காதலன் கைவிட்ட அரசி டைடோவுக்காக அழுதவர்கள் இதையும் ஒருமுறை படிக்க வேண்டும்.

ட்ராய் போர் முடிந்து வீடு திரும்ப ஆண்டுக்கணக்காகக் கடலில் அலைந்த கிரேக்க வீரன் யுலிஸஸ் விஷயம் வேறு. அவனோடு ஓவிடுக்கு ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. கவிஞர்களே, அவனை விடுங்கள், என் துன்பத்தை எழுதுங்கள் என்கிறார் டிரிஸ்டியா முதல் நூலில். அவன் வென்றவனாக வீடு நோக்கிப் போனான், நான் தோற்றவனாக வீட்டை விட்டு ஓடுகிறேன். அவனுக்கு நம்பிக்கையான தோழர்கள் இருந்தார்கள், என் நண்பர்கள் என்னைக் கைவிட்டார்கள். அவனுடைய பாடுகளில் பெரும்பகுதி கட்டுக்கதை, என்னுடையதில் கதையே இல்லை. ஒரு கதைசொல்லி, கதையை விட்டு வெளியே வந்து, இது நிஜம் என்று கத்துகிறார்.

பொன்டஸ் கடிதங்களின் கடைசி நூலில், இங்கே ஆறாவது கோடையைக் கழிக்கும்போது, மீண்டும் யுலிஸஸிடம் வருகிறார். சொட்டும் நீர் கல்லையும் குழியாக்கும் என்ற புகழ்பெற்ற வரி இந்தப் பாடலில்தான் இருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நாம் சொல்வோமே, அதேதான். ஆனால் முயற்சியைப் புகழ அவர் சொல்லவில்லை, காலம் எல்லாவற்றையும் தின்கிறது, என்னை மட்டும் தின்ன மறுக்கிறது என்று சொல்வதற்காகச் சொல்கிறார். பிறகு கேட்கிறார்: அழகிய கடல் தேவி கலிப்ஸோவோடு ஆறு ஆண்டுகள் இருந்தது ஒரு கஷ்டமா? லோட்டஸ் என்ற கனியைத் தின்றால் தாய்நாடு மறந்துபோகுமாமே. அந்தச் சாறு கிடைக்குமானால் என் ஆயுளில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்குவேன். யுலிஸஸ் தன் ஆட்களை அந்தக் கனியிடமிருந்து இழுத்துக்கொண்டு ஓடினான். இவர் விலை பேசுகிறார்.

இந்த ஊருக்கும் ஒரு புராணம் வைத்திருக்கிறார். தந்தையிடமிருந்து தப்பியோடிய மீடியா, துரத்தி வருபவர்களைத் தாமதப்படுத்தத் தம்பி அப்சிர்டஸை இங்கேதான் துண்டு துண்டாக வெட்டினாளாம். கிரேக்கத்தில் ‘டோமே’ என்றால் வெட்டு. அதனால் டோமிஸ். தன்னை ரோமிலிருந்து வெட்டி எறிந்த இடத்துக்கு வெட்டு என்றே பெயர் என்பதை அவர் விடுவாரா?

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டான்யூப் உறைந்து வண்டிகள் அதன் மேல் போகின்றன, திராட்சை மது ஜாடியின் வடிவிலேயே உறைந்து நிற்கிறது, அதைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறார்கள் என்று எழுதுகிறார். இவற்றில் சில, வர்ஜில் சிதியா நாட்டைப் பற்றி எழுதியதை ஒட்டியவை. இந்த நகரின் மமாயா கடற்கரைக்கு இன்று கோடையில் கூட்டம் கூட்டமாக நீந்த வருகிறார்கள். அதனால் அவர் பொய் சொன்னார் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. அதே பாடலின் முடிவைப் பாருங்கள். இங்கே ஆப்பிள் விளையாது. புராணக் காதலன் அக்கோன்டியஸ் தன் காதலிக்குச் சொல் எழுதி உருட்டிவிட இங்கே ஒரு பழம்கூடக் கிடைத்திருக்காது என்கிறார். குளிரின் அளவு கூடக்குறைய இருக்கட்டும். ஒரு காதல் கதை நடப்பதற்கு வேண்டிய பொருள்கூட இல்லாத ஊர் என்று காதலைப் பாடியவர் சொல்வதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் பொன்டஸ் கடிதங்களின் மூன்றாம் நூலில் ஒரு கிழவர் வருகிறார். இந்தப் பக்கத்து ஆள். நண்பர்களின் விசுவாசத்தைப் பற்றி ஓவிட் பேசிக்கொண்டிருக்கும்போது, ஐயா, நட்பு என்ற சொல் எங்களுக்கும் தெரியும் என்று தொடங்கி, ஒரெஸ்டிஸ், பைலடிஸ் கதையைச் சொல்கிறார். ஒருவனுக்காக மற்றவன் சாக முந்திக்கொண்ட கதை. அது நடந்த டாரிஸ் நாடு தன் பிறந்த மண் என்கிறார். காட்டுமிராண்டிகள் என்று ஓவிட் திட்டித் தீர்த்த மக்களின் வாயிலிருந்தே அவருக்குப் புராணம் திரும்பி வருகிறது. பின்னாளில் இங்கே வாழ்ந்த கெட்டே மக்களின் மொழியில் ஒரு கவிதையே எழுதியதாகச் சொல்கிறார். அது கிடைக்கவில்லை.

2017 டிசம்பரில் ரோம் நகர மன்றம் அவருடைய நாடுகடத்தலை ரத்து செய்தது. சந்தோஷம்தான். ஆனால் அவர் கேட்டது வேறு. மனைவிக்கு எழுதிய ஒரு கடிதத்தில், என் எலும்புகளைச் சிறு கலசத்தில் ரோமுக்குக் கொண்டுவரச் செய், இதை யாரும் தடுக்கவில்லை என்கிறார். உடனே, மன்னன் தடுத்தபோதும் தீப்ஸ் நகரத்துத் தங்கை தன் அண்ணனைப் புதைத்தாளே என்று ஆன்டிகனியைத் துணைக்கு அழைக்கிறார். கேட்டது நடந்ததாகத் தெரியவில்லை. கல்லறை எங்கே என்றும் இதுவரை கண்டறியப்படவில்லை.

அதே கடிதத்தில் கல்லறைக்கான நான்கு வரிகளும் இருக்கின்றன. அவசரமாகப் போகிறவர்களும் படிக்கும்படி பெரிய எழுத்தில் செதுக்கு என்கிறார். அவைதாம் இந்தப் பீடத்தில் இருக்கின்றன. கேமராவை அருகில் கொண்டுபோகிறேன். நாசோ என்பது ஓவிட் தன்னையே அழைத்துக்கொள்ளும் பெயர். மென்காதலைப் பாடி விளையாடிய நாசோ என்னும் கவிஞன் இங்கே கிடக்கிறேன், என் கவித்திறனே என்னை அழித்தது. இவ்வழி போகிறவனே, நீ காதலித்திருந்தால், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்கிறார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நாசோவின் எலும்புகள் மென்மையாகத் துயிலட்டும்.