மருமகள் காலடியும் மேட்டூர் அணையும்

நடுவர் அவர்களே, குடவாசல் பெருமக்களே, வணக்கம். ‘வீட்டுச் சண்டையில் தர்க்கம் பார்த்தால் உறவு முறியும்’ என்று எதிரணியினர் முழங்கிவிட்டுப் போனார்கள். தர்க்கம் பார்க்காததால்தான் முறிகிறது என்பது எங்கள் கட்சி.

எங்கள் தெருவில் ஒரு வீடு. 2024 வைகாசியில் மருமகள் வந்தாள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வந்தது. அங்கே போதிய நீர் இருப்பு இல்லை, அணை திறக்கவில்லை. குறுவை நெல் சாகுபடி போயிற்று. “இவள் காலடி வைத்த நேரம், காவிரியே வற்றிவிட்டது” என்றார் மாமியார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். திண்ணையில் இருந்தவர்களில் ஒருவராவது, “அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு, பெரியம்மா?” என்று கேட்டிருக்கலாம். தலையாட்டினார்கள்!

வேடிக்கை அதற்குப் பிறகுதான். ஜூலையில் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டியது. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பின. 28ஆம் தேதி மேட்டூர் திறந்தது. 30ஆம் தேதி நீர்மட்டம் முழு அளவான 120 அடியைத் தொட்டது. கொள்ளிடத்தில் வெள்ளம். வற்றியதற்கு அவள் காலடி காரணமென்றால் நிரம்பியதற்கு யார் காலடி? அந்தப் பெருமையை மட்டும் அவளுக்கு யாரும் கொடுக்கவில்லையே! வேண்டிய சான்றைப் பொறுக்கிக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுகிறோம். அந்தப் பெண் அழுத கண்ணீருக்கு இந்த ஒரு பிழைதான் காரணம்.

அதே வீட்டில் அவள், “இந்த முறை நாற்று நடாமல் நேரடி விதைப்புச் செய்து பார்க்கலாமே” என்றாள். “அப்படியென்றால் என் அப்பா நாற்று நட்டதெல்லாம் முட்டாள்தனமா?” என்று பாய்ந்தான் கணவன். அவள் சொன்னது அதுவா? சொல்லாததைச் சொன்னதாக்கி, அதை அடித்து வீழ்த்துவதில் நம் வீட்டு ஆண்கள் சூரர்கள்.

இப்படி வாதப் பிழைகளைப் பிரித்துப் பார்ப்பதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்றார் எதிரணி நண்பர். பூம்புகாரில் பிறந்த மணிமேகலைக்கு பௌத்தத் துறவி அறவண அடிகள், பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என்று, அதாவது கூற்றில் பிழை, காரணத்தில் பிழை, எடுத்துக்காட்டில் பிழை என்று வகைபிரித்துச் சொல்லிக்கொடுத்ததை அவர் படித்திருக்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காரணம் பிழை என்பதால் முடிவும் பிழையாகிவிடாது. நேரடி விதைப்பில் களை மண்டும் என்று அந்தக் கணவன் சொல்லியிருந்தால், அது பேச வேண்டிய விஷயம். அதைச் சொல்லாமல்தான் அப்பாவை இழுத்தான்.

கடைசியாக, “இவருக்குத் திருமணமே ஆகவில்லை, குடும்பச் சண்டையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?” என்று என்னைக் கேட்டார்கள். நடுவர் அவர்களே, வாதத்தை விட்டுவிட்டு ஆளை அடிக்கும் இந்தப் பிழையையும் எங்கள் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். மணியடிக்கும் முன் அமர்கிறேன்.