அம்மாவின் வாய்க்கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

என்னை உருவாக்கிய பெண்களைப் பற்றிப் பேச அழைத்தபோது, அக்கம்மா தேவியிலிருந்து தொடங்குவேன் என்று நிலையத்தார் எதிர்பார்த்திருக்கலாம். படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரிப் பெண். 1962இல் நீலகிரித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். ஆனால் அவர் பெயரைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் அறிந்தேன். அதற்குள் என்னைக் கணக்கின் பக்கம் திருப்பிவிட்டிருந்தார், கைநாட்டு வைக்கும் என் அம்மா.

இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 1964இல் செய்த ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேர் இலங்கையிலிருந்து இந்தியா வரவேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் அம்மா. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, நீலகிரியில் பந்தலூர்த் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் அவர் வயிற்றில் இருந்தேன்.

பந்தலூர் மழையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலையில் மழைக்குப் போர்த்தும் கொங்காணி, இடுப்பில் சுற்றிக்கட்டும் படங்கு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் உப்பும் புகையிலையும். பறித்த கொழுந்தை நிறுக்கும்போது கூடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. மாலையில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, வந்ததும் அம்மா கேட்பார்: "இருபத்தேழில் மூன்று போனால்?" நான் சொல்லும் விடையை மனதில் முடிந்துகொள்வார். கழித்தல் கணக்கை நான் அப்படித்தான் கற்றேன்.

ஒரு சம்பள நாளில் காசு குறைந்தது. அம்மா மேசையை விட்டு நகரவில்லை. "திங்கள் இருபத்திரண்டு, செவ்வாய் பத்தொன்பது, புதன் மழையால் அரைநாள் பேர், பதினொன்று, வியாழன் இருபத்து நான்கு..." என்று வரிசையாகச் சொன்னார். ஏட்டைப் புரட்டினார்கள். வியாழக்கிழமைக்கு நேரே 14 என்று இருந்தது. பத்துக் கிலோ! நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள். ஆயிரக்கணக்கான முறை விரல் வளைந்த உழைப்பு ஓர் எழுத்தில் காணாமல் போயிருந்தது. திருத்திக் கொடுத்தார்கள்.

அன்று இரவிலிருந்து பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்கள் எங்கள் வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அம்மா மனதில் கூட்டுவார். நான் மண்ணெண்ணெய் விளக்கடியில் நோட்டில் எழுதுவேன். என் முதல் வகுப்பறை என்று அந்த வாசலைத்தான் சொல்வேன்.

தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் என்னைத் தொட்டிலாட்டி வளர்த்த பாட்டியையும் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்போடு என்னைக் கொழுந்து பறிக்க அனுப்பலாம் என்று உறவினர்கள் பேசியபோது, "லயத்துக் கணக்கை அப்புறம் யார் எழுதுவது?" என்று கேட்டவர் அவர். யாரிடமும் பதில் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்.

அம்மா இப்போது வீட்டில் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா, அந்த வாரக் கணக்கைச் சரியாகச் சொன்னேனா? இரவு வந்து கேட்கிறேன்.