திறப்பு யாரிடம் இருந்தது?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். என் மடியில் தாள்கள், கையில் சிவப்புப் பேனை. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "என்ன பிள்ளை, கோட்டுக் கேசோ?" "இல்லை அம்மா, என்ரை சீவியத்தைப் பற்றி எழுதினது. திருத்துறன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. புளியங்குளத்தில் பஸ் திரும்பி நெடுங்கேணி றோட்டில் ஏறிய பிறகு மெல்லச் சொன்னார்: "நானும் ரெண்டு சீ.ஆர். கொப்பி நிறைய எழுதி வைச்சிருக்கிறன். திருப்பிப் பார்க்கத்தான் பயமாக் கிடக்கு." நான் வாய் திறப்பதற்குள் ஒட்டுசுட்டான் வந்துவிட்டது. அவசரமாக இறங்கிப் போய்விட்டார்.

அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இன்றைக்கு உங்கள் எல்லாருக்கும் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் நெடுங்கேணிப் பக்கத்தில் பிறந்தவள். இப்போது முள்ளியவளையில் இருக்கிறேன். இருபத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தேன். ஓய்வு பெற்றபின் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்கப் பதினாறு மாதம் எடுத்தது. திருத்தத் தொடங்கி இது ஐந்தாவது வருடம். எழுதும்போது வராத பயம் எல்லாம் திருத்தும்போதுதான் வருகிறது. "நீ யார் இதை எழுத? இது யாருக்கு வேணும்? உனக்கு நடந்தது எல்லாருக்கும்தானே நடந்தது?" பேனையை எடுத்தவுடன் இந்தக் குரல் பக்கத்தில் வந்து குந்திவிடும்.

காலபோக வயலுக்குள் இறங்கினவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். நெல்லுக்குள் நெல்லைப் போலவே ஒரு புல் நிற்கும். அதே பச்சை, அதே உயரம். கதிர் தள்ளும் வரைக்கும் தூரத்தில் நின்று பிரிக்க முடியாது. என் அம்மா குனிந்து, இலை தண்டோடு சேருகிற இடத்தை விரலால் விலக்கிப் பார்ப்பார். நெல்லென்றால் அந்த மூட்டில் நாக்குப் போலச் சின்னத் தோல் ஒன்று இருக்கும். புல்லுக்கு இருக்காது, மூட்டு வழுவழுவென்று கிடக்கும். பிறகு யோசிக்க மாட்டார், பிடுங்கி வரம்பில் போட்டுவிடுவார்.

எழுதுகிறவருக்கு வருகிற சந்தேகமும் இப்படி இரண்டு வகை. "நீ யார் எழுத?" என்பது ஒன்று. "கிணறு வீட்டுக்குக் கிழக்கிலேயா இருந்தது, வடக்கிலேயா?" என்பது மற்றது. இரண்டும் நெஞ்சில் ஒரே மாதிரித்தான் கனக்கும். ஆனால் மூட்டை விலக்கிப் பாருங்கள். இரண்டாவதற்குப் போய்க் கேட்க ஒரு ஆள் இருக்கிறார், பார்க்க ஒரு இடம் இருக்கிறது. முதலாவதற்கு யாரிடமும் போய்க் கேட்க முடியாது. அதனால் அதைப் பிடுங்கலாம். இரண்டாவதைப் பிடுங்கவே கூடாது, அதுதான் பயிர்.

இதை எனக்கு விளங்க வைத்தது ஒரு திறப்பு, பூட்டைத் திறக்கிற சாவி. அந்தக் கதையைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

1997 மே 13ஆம் திகதி வன்னிக்குள் இராணுவத்தின் ஜெயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியது. அந்த மாதமே நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். அந்த நாளைப் பற்றி நான் இப்படி எழுதியிருந்தேன்: "அம்மா கதவைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்தார். பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை." எனக்கு மிகவும் பிடித்த வரி அது. வாசித்த சிநேகிதிகள் அழுதார்கள்.

தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் அழவில்லை. "அக்கா, அந்த வீட்டுக்கு ஏது பூட்டு? தட்டிக் கதவெல்லோ. கயிறு போட்டுத்தானே கட்டுறனாங்கள்" என்றான்.

அவன் சொன்னது சரி. மண்வீடு, கிடுகுக் கூரை, தட்டிக் கதவு. பூட்டே இல்லாத கதவை நான் பூட்டியிருக்கிறேன்! அன்றைக்கு எல்லாத் தாள்களையும் துணியில் சுற்றி ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்தேன். இந்த ஒரு வரியே பொய்யென்றால் மிச்சம் இருநூறு பக்கமும் என்ன? எட்டு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற யாரோ ஒருவருடைய பெட்டியும் இப்போது அப்படித்தான் மூடிக் கிடக்கும். நான் உங்களிடம்தான் பேசுகிறேன்.

எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் காலமை, முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. கதவுக்குப் பூட்டு இல்லை, சரி. அப்படியென்றால் அந்தத் திறப்பு எங்கிருந்து என் கண்ணுக்குள் வந்தது? முந்தானை முடிச்சு, அதில் துருப்பிடித்த கறை, அம்மா துவைக்கும்போது அதை அவிழ்த்துக் கல்லில் வைப்பது எல்லாவற்றையும் நான் கண்டிருக்கிறேனே. பாருங்கள், இது சின்னச் சந்தேகம். இதற்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது. அன்றைக்கே பஸ் எடுத்து ஒட்டுசுட்டானில் இருக்கிற சின்னம்மாவிடம் போனேன்.

சின்னம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அது நெல்லறைத் திறப்பு. வீட்டுக்குப் பின்னாலை கல்லாலை கட்டின அறை, ஆமைப்பூட்டுப் போட்டது. ஆனா உன்ரை அம்மா அதைக் கொண்டு வரேல்லை. பக்கத்து வளவு அப்பு மாட்டை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிண்டவர். அவற்றை கையிலை குடுத்து, பசிச்சாத் திறந்து எடுங்கோ எண்டவ. அப்பு பிறகு மாட்டையும் சாய்ச்சுக்கொண்டு வந்து சேர்ந்து, திறப்பைத் திருப்பிக் குடுத்தவர். அண்டைக்குத்தான் முந்தானையிலை முடிஞ்சவ."

நான் எழுதியிருந்தது பொய்யல்ல நேயர்களே. இரண்டு நாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஒட்டைப் பிரித்தபோது நடுவில் இருந்து அப்பு வந்தார், அவருடைய மாடுகள் வந்தன, பசிக்கிற மனுசனுக்கு நெல்லறையையே விட்டுவிட்டு நடந்த என் அம்மா வந்தார். கதவைப் பூட்டின அம்மாவை எத்தனையோ கதைகளில் காணலாம். திறப்பைக் கொடுத்துவிட்டுப் போன அம்மா எங்கள் வளவில்தான் இருந்தார். தம்பியின் அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அவர் என் புத்தகத்துக்குள் வந்திருக்கவே மாட்டார்.

ஒன்று இன்னும் தீரவில்லை. அப்பு வந்தது வைகாசியில் வருகிற வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலோடு என்கிறான் தம்பி. இல்லை, அவர் சால்வையில் பாலைப்பழம் முடிந்து வந்தவர், பால் ஒட்டி என் உதடு பிசுபிசுத்தது, அதனால் பழம் நன்றாக விழத் தொடங்கின பிறகுதான் என்கிறார் சின்னம்மா. இரண்டையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

நினைவு இப்படி ஒட்டுவது நமக்கு மட்டும் வந்த குறையல்ல. 1986 ஜனவரி 28இல் அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் வெடித்தது. அடுத்த நாள் காலையிலேயே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம், "செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள்?" என்று எழுதி வாங்கி வைத்தார். ஏறக்குறைய இரண்டரை வருடம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டார். நாலில் ஒரு பங்கினருக்கு ஒன்றுமே பொருந்தவில்லை. ஆனாலும் மிக உறுதியாகச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தைக் காட்டிய பிறகும் அந்தப் பழைய நினைவு திரும்பவில்லை. இரண்டரை வருடத்துக்கே இப்படி. நாங்கள் முப்பது வருடத்தை, அதுவும் எத்தனை தரம் இடம்பெயர்ந்த முப்பது வருடத்தை, எழுதுகிறோம். பிழை இருக்கத்தான் செய்யும். அதற்காகப் பெட்டியை மூடாதீர்கள். யாரிடம் கேட்கலாம் என்று பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன்: பெரிய சந்தேகம் வந்தால் அதைச் சின்னதாக உடைத்து, ஒரு ஆளிடம் கொண்டு போங்கள். திரும்பி வரும்போது எழுத வேண்டும் என்ற ஆசையும் கூட வரும். எனக்கு ஒவ்வொரு தரமும் வந்திருக்கிறது.

என் வழக்கங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் இல்லை. வாய்விட்டு வாசிப்பேன். நாக்கு தடக்குகிற இடத்தில் பெரும்பாலும் நான் எதையோ மறைத்திருப்பேன். பழைய படியைக் கிழிப்பதில்லை, திகதி போட்டு வைக்கிறேன். 2009ஐப் பற்றிய அத்தியாயத்தைப் பொழுதுபட்ட பிறகு தொடுவதில்லை. பகலில், வீட்டில் ஆட்கள் நடமாடும்போது, அரை மணித்தியாலம் மட்டும். கை நடுங்கினால் மூடிவைத்துவிட்டுப் பயிற்றங்கொடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவேன். அந்த அத்தியாயம் மூன்று வருடமாக நடக்கிறது. நடக்கட்டும்.

"எல்லாருக்கும்தானே நடந்தது" என்ற குரலுக்கு வருகிறேன். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். பயனுள்ள புத்தகம், நானும் எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் அது கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், இருந்து பார்த்த வன்னி. எங்கள் பூட்டிகளுக்கு எழுதக் கொப்பி இருக்கவில்லை. எங்களிடம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு இருந்தது. பதினொரு வீட்டுக்காரரும் எழுதினால் பதினொரு அம்மாக்கள், பதினொரு விதமான வெளிக்கிடுதல். என்னுடையதை நான் எழுதாவிட்டால் மற்றப் பத்துப் பேராலும் அதை எழுத முடியாது.

இன்னும் முக்கியமான ஒன்று... ஒலிப்பதிவு செய்கிற தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார். மற்றவர்களுடைய இரகசியத்தை எழுதுவது பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். ஒரு சொல்லோடு விடுகிறேன்: உயிரோடு இருப்பவரைப் பற்றிய பக்கத்தை முதலில் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். நான் இரண்டு பக்கம் எடுத்திருக்கிறேன். அடுத்தது, கறையான். ஒரே வீட்டில் ஒரே கொப்பியை வைக்காதீர்கள். படம் பிடித்து வெளியூரில் உள்ள பிள்ளைக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் போட்டோப் பிரதி எடுத்து இன்னொரு வீட்டில் வையுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த ஏடுகள் பலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

பஸ்ஸில் வந்த அம்மா, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால், அன்றைக்கு ஒட்டுசுட்டானில் இறங்கும்போது குடையை இருக்கையிலேயே விட்டுவிட்டீர்கள். நீலக் குடை, பிடியில் நூல் சுற்றியிருக்கிறது. இங்கே நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன், என் தொலைபேசி இலக்கத்தோடு. குடையை எடுக்க வரும்போது அந்த இரண்டு கொப்பியையும் கொண்டு வாருங்கள். நான் வாசிக்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

வணக்கம்.