சந்தேகங்களுக்கு விளக்கம்: என் நாவலின் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுகிறது, நான் என்ன செய்வது?

வணக்கம். இன்றைய கேள்வியைத் தேனியிலிருந்து ஓர் எழுத்தாளர் அனுப்பியிருக்கிறார். அவருடைய முதல் நாவல் வெளிவந்து ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. அதற்குள் அதன் பிடிஎஃப் ஒரு டெலிகிராம் சேனலில் ஏறிவிட்டது. "நான் பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லை. எனக்கு உரிமை உண்டா? பதிப்பாளர்தான் புகார் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

உரிமை நிச்சயமாக உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதியதாலேயே அந்த உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது; பதிவு கட்டாயமில்லை. பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக உதவும் என்பதால் அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதற்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

யார் புகார் கொடுப்பது என்பதற்கு உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். நம்மில் பலர் வாய்ப்பேச்சை நம்பித்தான் கைப்பிரதியைக் கொடுக்கிறோம். அப்படிக் கொடுத்திருந்தால் உரிமை இன்னமும் உங்களிடமே இருக்கிறது, நீங்களே புகார் செய்யலாம். எழுத்தில் கொடுத்திருந்து, அதில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால், சட்டம் அதை ஐந்தாண்டுகளுக்கு என்றே எடுத்துக்கொள்ளும். அந்தக் காலம் நடந்துகொண்டிருக்கையில் பதிப்பாளர் புகார் தருவதே முறை.

அடுத்தது சான்று. இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். திருட்டுப் பிரதியைக் கண்டதும் அந்த சேனலில் போய்க் கோபமாக எழுதிவிடுகிறோம். மறுநாள் அந்தப் பதிவு நீக்கப்பட்டு, வேறு பெயரில் வேறு சேனலில் ஏறிவிடுகிறது. என்னுடைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு இப்படித்தான் நடந்தது. இரண்டாம் முறை நான் ஒரு வார்த்தையும் எழுதாமல், பதிவின் நேரடி லிங்க், சேனலின் பெயர், தேதியும் நேரமும் தெரியும் ஸ்க்ரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கோப்பையும் சான்றுக்காக இறக்கிப் பார்த்தேன். ஸ்கேன் செய்த பக்கங்களின் ஓரத்தில் ஒரு கட்டைவிரலின் நிழல் விழுந்திருந்தது. பதினேழாம் பக்கத்தில் ஒரு வாடகை நூலகத்தின் ஊதா நிற முத்திரை பாதி தெரிந்தது. அந்தக் கோப்பு எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. ஆகவே கோப்பை ஒருமுறை முழுவதும் புரட்டிப் பாருங்கள். ஸ்கேன் செய்யப்படாமல் எழுத்துரு துல்லியமாக இருந்தால், அது அச்சுக்குப் போன கோப்பிலிருந்தோ மின்னூலிலிருந்தோ கசிந்தது என்று பொருள். அப்போது விசாரிக்க வேண்டிய இடமே வேறு.

புகாரைக் கோப்பு தங்கியிருக்கும் இடத்துக்கே அனுப்ப வேண்டும். கூகுள் தேடலிலிருந்து நீக்கச் சொன்னால் தேடலில் வரும் முடிவு மட்டும்தான் மறையும், கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். டெலிகிராமின் பொது சேனல் என்றால் டெலிகிராமுக்கும், கூகுள் டிரைவில் இருந்தால் டிரைவின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்திலும் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பரவுவதை இந்த வழியில் பிடிப்பது கடினம். குழு நிர்வாகியிடம் பேசிப் பார்க்கலாம்.

புகாரில் நூலின் பெயர், நீங்களே உரிமையாளர் என்பதற்கான ஆதாரம், ஒவ்வொரு லிங்கும் தனித்தனியாக, அனுமதியின்றிப் பகிரப்பட்டது என்ற உறுதிமொழி ஆகியவை இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி அனுப்பினால், கோப்பைத் தாங்கியிருக்கும் நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அதைத் தடுக்க வேண்டும். ஆனால் அதே விதி உங்கள் மீதும் ஒரு கடமையை வைக்கிறது: வழக்குத் தொடுத்து 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் காட்டுவதாக நீங்கள் உறுதி தர வேண்டும், காட்டாவிட்டால் அவர்கள் கோப்பை மீண்டும் திறந்துவிடலாம். இதைச் சொல்லாமல் "புகார் செய்தால் போதும்" என்று உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. வழக்கு வேண்டாம் என்பவர்கள் அந்தந்த நிறுவனத்தின் சொந்தப் படிவத்தையே முதலில் பயன்படுத்தலாம். பல நேரங்களில் அதுவே போதுமானதாக இருக்கிறது.

வழக்கு என்றால் எங்கோ அலைய வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். சேனல் நடத்துபவர் யாரென்று தெரியாததும் முட்டுக்கட்டை அல்ல. போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் ஒருவரின் பாடநூல்களும் காணொளிகளும் டெலிகிராமில் திருட்டுத்தனமாகப் பகிரப்பட்ட வழக்கில், சர்வர்கள் வெளிநாட்டில் இருக்கின்றன என்ற வாதத்தை ஏற்காமல், அந்த சேனல்களை நடத்தியவர்களின் விவரங்களைத் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. காவல் நிலையத்தில் இது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள், உச்ச நீதிமன்றம் 2022இல் அதை உறுதிசெய்திருக்கிறது.

வாசகர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாரதியார் தொடங்கி நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாம் முறையாகவே இலவசமாகப் படித்துப் பழகியிருக்கிறோம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நமக்குப் பெரிய கொடை. அந்தப் பழக்கத்தில், உயிரோடிருக்கும் எழுத்தாளரின் சென்ற ஆண்டு நாவலையும் அதே போன்றது என்று நினைத்துப் பகிர்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருடர்கள் என்று திட்டாமல், மின்னூல் எங்கே கிடைக்கும் என்று சொல்லிப் பாருங்கள். மின்னூலே இல்லையென்றால், அதைக் கொண்டுவரும்படி பதிப்பாளரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

தேனி நண்பருக்கு: அந்த லிங்கை உங்களுக்கு அனுப்பிய வாசகருக்கு முதலில் நன்றி சொல்லி, வேறு எங்கெல்லாம் பார்த்தார் என்று கேளுங்கள். இன்றிரவே ஸ்க்ரீன்ஷாட்களை எடுத்துவிட்டு, நாளை காலை புகாரை அனுப்புங்கள்.