கட்டாயச் சிப்பாய் என்றால் மட்டமான சிப்பாயா? ஃபாக்லாந்து, 1982

[திரையில்: வரைபடம், ஸ்டான்லி ஊரைச் சுற்றிய குன்றுகள்]

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை 1982-இல் அர்ஜென்டினா பிடித்தது, அவற்றை மீட்க பிரிட்டன் படை அனுப்பியது. இந்த ஃபாக்லாந்து போர் என்றாலே எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். பிரிட்டனிடம் சம்பளத்துக்குச் சேர்ந்த முழுநேரப் படை, அர்ஜென்டினாவிடம் கட்டாய சேவைக்கு இழுத்துவந்த பையன்கள், அதனால் முடிவு முதலிலேயே தெரிந்ததுதான் என்று. எனக்கு இது பாதிதான் சரி என்று படுகிறது.

அந்தப் பாதி என்ன? 1963-இல் பிறந்த பையன்கள் அந்த வருடம்தான் படைக்கு வந்திருந்தார்கள், பலருக்குச் சில வாரப் பயிற்சிதான் கிடைத்திருந்தது, அதிலும் சில ரெஜிமென்ட்கள், அதாவது படைப்பிரிவுகள், அர்ஜென்டினாவின் வடக்கே கொரியென்தெஸ் என்ற வெயில் மாகாணத்திலிருந்து நேராகக் குளிர்காலத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவை. பதுங்குகுழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், நனைந்த பூட்ஸுக்குள் கால் அழுகும். தீவுகளின் தலைநகரான ஸ்டான்லியின் கிடங்குகளில் சாப்பாடு இருந்தது, இந்தப் பையன்கள் காவல் இருந்த குன்றுகளுக்குத்தான் வந்து சேரவில்லை. பசி தாங்காமல் ஆட்டைத் திருடிய பையனை என்ன செய்தார்கள் தெரியுமா? தரையில் நான்கு முளை அடித்து, கை கால்களை அவற்றில் கட்டி, அந்தக் குளிரில் ஈர மண்ணில் மல்லாக்கக் கிடத்தினார்கள். ஒழுங்கைக் காப்பாற்ற என்று சொல்லித்தான் இதைச் செய்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, மறுபாதிக்கு வருவோம்.

[திரையில்: டம்பிள்டவுன் மலை, இரவு]

ஜூன் 13 இரவு இந்த மலையில் பிரிட்டனின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவை விடியும்வரை திணறடித்தது அர்ஜென்டினாவின் 5-ஆவது கடற்படைக் காலாட்படை பட்டாலியன். அதிலும் பெரும்பாலோர் கட்டாயச் சிப்பாய்கள்தான்! ஆனால் அவர்கள் இருந்த ஊர் தெற்குக் கோடியிலுள்ள ரியோ கிராண்டே, குளிர் பழகிப்போன ஒன்று. அப்புறம், அங்கே வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஆள் மாற்றாமல் சிறுசிறு தொகுதிகளாகச் சேர்த்ததால், எப்போதும் பழகியவன் பக்கத்தில்தான் புதியவன் நின்றான்.

முழுநேரப் படை தவறே செய்யவில்லையா என்றால், ஜூன் 8-ஐப் பாருங்கள். லண்டன் அரண்மனை வாசலில் கரடித்தோல் தொப்பியோடு காவல் நிற்கும் வெல்ஷ் கார்ட்ஸ், ஃபிட்ஸ்ராய் கரைக்கு அருகே சர் கலஹாட் கப்பலில் பட்டப்பகலில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். எங்கே, எப்படி இறங்குவது என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோதே அர்ஜென்டினாவின் போர் விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டன. அந்தக் கப்பலில் மட்டும் 48 பேர் இறந்தார்கள்.

ஜூன் 14-இல் அர்ஜென்டினப் படை சரணடைந்தது. முளையில் கட்டப்பட்டவர்கள் பல வருடம் கழித்து, தங்கள் சொந்த அதிகாரிகள் மீதே புகார் கொடுத்து நீதிமன்றம் போனார்கள்.