பீர் ஆலைக்காரர் தன் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்ற முடியாதா? ஒரு கேள்வியும் விளக்கமும்

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்விகளெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை, அவ்வளவு நல்ல கேள்வி.

நங்கநல்லூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அவருடைய மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டினில் வேலை பார்க்கிறார். மகனுடைய நண்பர் ஒருவர் அங்கே சின்னதாக ஒரு பீர் ஆலை நடத்துகிறார். அவர் சரக்கை எடுத்துக் கடைகளுக்குப் போடும் டிஸ்ட்ரிபியூட்டர் சரியாகக் கவனிப்பதில்லை, பெட்டிகள் குடோனிலேயே கிடக்கின்றன. சரி, ஆளை மாற்றலாம் என்று வக்கீலிடம் போனால், அது அவ்வளவு சுலபமில்லை, சட்டம் இடம் கொடுக்காது என்றாராம். அம்மா கேட்கிறார்: வியாபாரச் சுதந்திரம் உள்ள நாடு என்கிறார்களே, தன் சரக்கை யார் விற்க வேண்டும் என்று முடிவு பண்ணக்கூட ஒரு முதலாளிக்கு உரிமை இல்லையா?

இதில் நான் குடிப்பதற்கு ஆதரவாகப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடியால் கெட்ட குடும்பங்களை நம் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்குப் பேச்சு சட்டத்தைப் பற்றி.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். ஆலையைப் பார்க்காதீர்கள், கடையைப் பார்க்காதீர்கள், நடுவில் இருக்கிற குடோனைப் பாருங்கள். பால் கொள்முதல் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன், கோயம்பேட்டு வெங்காய விலை பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன். பீர் விஷயத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் இங்கே அந்த நடு இடம் தானாக உருவானதில்லை, சட்டம் போட்டு உருவாக்கியது.

அமெரிக்காவில் 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது. அதற்கு முன்னால் நிலைமை எப்படியென்றால், பெரிய பெரிய பீர் ஆலைகளே தெருவுக்குத் தெரு மதுக்கடைகளைக் கையில் வைத்திருந்தன. கடைக்காரருக்கு முன்பணம் கொடுப்பது, மேசை நாற்காலி வாங்கிக்கொடுப்பது, லைசென்ஸ் கட்டணத்தைக் கட்டுவது, பதிலுக்கு அந்தக் கடை அந்த ஒரே ஆலையின் பீரைத்தான் விற்க வேண்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு விற்க வேண்டும். மதுவிலக்கு கேட்டுப் போராடியவர்களின் கோபத்தில் பாதி இந்தக் கடைகள் மேல்தான். அதனால் 1933 டிசம்பர் 5ஆம் தேதி அமெரிக்க அரசியல் சாசனத்தின் 21ஆவது திருத்தம் வந்து மதுவிலக்கு போனபோது, அந்தத் திருத்தத்தின் இரண்டாவது பிரிவு மதுவை எப்படி நடத்துவது என்பதை மாநிலங்களின் கையில் விட்டது. பெரும்பாலான மாநிலங்கள் ஒரே மாதிரி ஏற்பாட்டுக்கு வந்தன: தயாரிப்பவர் தனி, மொத்த வியாபாரி தனி, சில்லறைக் கடைக்காரர் தனி. ஒருவர் இன்னொருவரின் தொழிலில் கால் வைக்கக் கூடாது. ஆலைக்காரர் மொத்த வியாபாரிக்குத்தான் விற்க வேண்டும், கடைக்காரர் மொத்த வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். 2005இல் அங்கே ஒயின் சம்பந்தமான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிமாநில ஆலைக்கு ஒரு நியாயம், உள்ளூர் ஆலைக்கு ஒரு நியாயம் என்று வைக்கக் கூடாது என்றது, ஆனால் இந்த மூன்றடுக்கு முறை சட்டப்படி செல்லும் என்பதையும் அதே தீர்ப்பில் சொன்னது.

அம்மா, இது உங்கள் கேள்வியில் பாதிக்குத்தான் பதில். நடுவில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது இதில் புரிகிறது. ஆனால் அந்த ஒருவரை ஏன் மாற்றக் கூடாது? அதற்கு வேறொரு கதை சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பாவின் நண்பர் ஒருவர் மண்ணடியில் சோப்பு ஏஜென்சி எடுத்திருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் அந்த சோப்பு சென்னையில் யாருக்கும் தெரியாது. இவர் டெபாசிட் கட்டி, குடோன் பிடித்து, டெம்போ வாங்கி, வண்ணாரப்பேட்டையிலிருந்து பல்லாவரம் வரை கடை கடையாக ஏறி இறங்கி, கடன் கொடுத்து, வராத கடனைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அதை ஒரு பிராண்டாக நிறுத்தினார். சோப்பு ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் பதிவுத் தபால் வருகிறது, அடுத்த மாதம் முதல் உங்கள் ஏஜென்சி ரத்து என்று. காரணம் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை, போயிருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. 1990இல் இந்தியன் ஆயிலுக்கும் அமிர்தசரஸ் கேஸ் என்ற எரிவாயு ஏஜென்சிக்கும் நடந்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: 30 நாள் நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், ரத்து செய்தது தப்பாகவே இருந்தாலும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அந்த 30 நாள் லாபம்தான் நஷ்டஈடு, ஏஜென்சியைத் திரும்பக் கொடு என்று கேட்க முடியாது. கட்டிய குடோனுக்கும் தேய்ந்த செருப்புக்கும் அதில் கணக்கே இல்லை.

அமெரிக்காவில் பீர் டிஸ்ட்ரிபியூட்டர்களும் இதே பயத்தில்தான் இருந்தார்கள். ஒரு பக்கம் நாடு முழுக்க விற்கும் ராட்சத ஆலைகள், இன்னொரு பக்கம் ஒரு ஊரில் நாலு லாரி வைத்திருக்கும் குடும்பம். அவர்கள் மாநிலச் சட்டமன்றங்களுக்குப் போனார்கள், பாதுகாப்பு வாங்கினார்கள். மாசசூசெட்ஸில் 1971இல் வந்தது, அதையொட்டி இன்னும் பல மாநிலங்கள். டெக்சாஸில் அதற்கு பீர் இண்டஸ்ட்ரி ஃபேர் டீலிங் லா என்றே பெயர். சாரம் இவ்வளவுதான்: தகுந்த காரணம் இல்லாமல் டிஸ்ட்ரிபியூட்டரை நீக்க முடியாது. எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குறையைச் சரிசெய்ய அவகாசம் கொடுக்க வேண்டும், அப்படியும் காரணம் இல்லாமல் நீக்கினால் அந்த வியாபாரத்தின் சந்தை மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் பல மாநிலங்களில் அது செல்லாது. மண்ணடிக்காரருக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் அவர் டெம்போவை விற்றிருக்க மாட்டார்.

அப்படியானால் நல்ல சட்டம்தானே? நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். ஆனால் காலம் மாறிவிட்டது. இப்போது அங்கே ஆயிரக்கணக்கில் குட்டி ஆலைகள். டிஸ்ட்ரிபியூட்டர்களோ ஒருவரை ஒருவர் விலைக்கு வாங்கி வாங்கிப் பெரிய ஆட்களாகிவிட்டார்கள். சின்னவரைப் பெரியவரிடமிருந்து காப்பாற்ற எழுதிய சட்டம், இன்றைக்குப் பெரியவரைச் சின்னவரிடமிருந்து காப்பாற்றுகிறது. உங்கள் மகனின் நண்பர் மாட்டிக்கொண்டிருப்பது இதில்தான். யார் பலசாலி என்று பார்க்காமல், டிஸ்ட்ரிபியூட்டர் என்று போர்டு போட்டிருந்தாலே பாதுகாப்பு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டெக்சாஸில் இன்னொன்றும் நடந்தது, எனக்கு இது ரொம்ப வருத்தம். 2013இல் கொண்டுவந்த சட்டப்படி, ஒரு பகுதியில் தன் பீரை விற்கும் உரிமையை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுக்கும் ஆலைக்காரர் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. சும்மா கொடுக்க வேண்டும். ஆனால் வாங்கிக்கொண்ட டிஸ்ட்ரிபியூட்டர் அதே உரிமையை இன்னொரு டிஸ்ட்ரிபியூட்டருக்குக் காசுக்கு விற்கலாம்! சின்ன ஆலைகள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார்கள், 2017இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள்.

சில மாநிலங்கள் விழித்துக்கொண்டன. நியூயார்க் 2012இல், ஆலை சின்னதாக இருந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் மொத்த விற்பனையில் அதன் பங்கு ரொம்பக் குறைவாக இருந்தால், நஷ்டஈடு கொடுத்துவிட்டுக் காரணம் சொல்லாமலே விலகலாம் என்று திருத்தியது. மாசசூசெட்ஸ் 2021இல் அதே வழிக்கு வந்தது. இதுதான் சரியான வழி, விலகுகிறவர் விலகட்டும், உழைத்தவருக்குப் பணம் கிடைக்கட்டும்.

இந்தக் கதையையெல்லாம் கேட்ட பிறகு நங்கநல்லூர் அம்மா அடுத்ததாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நானே கேட்டுக்கொள்கிறேன்: நம் ஊரில் அந்த டிஸ்ட்ரிபியூட்டர் யார்?

நம் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை பற்றிய பேச்சைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், மாநிலப் பட்டியலில் 8ஆவது இனம். போதை தரும் மதுவைத் தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, வாங்குவது, விற்பது எல்லாம் மாநிலத்தின் அதிகாரம். ஜிஎஸ்டி வந்தபோதும் குடிக்கும் மதுவை வெளியே விட்டார்கள். அதனால்தான் ஒரே பிராண்ட் பீராக இருந்தாலும் பாட்டிலில் ‘தமிழ்நாட்டில் விற்பனைக்கு மட்டும்’ என்று அச்சடித்திருக்கும், புதுச்சேரியில் தனியார் மொத்த வியாபாரியிடம் வாங்கி வருகிற பாட்டில் ஈசிஆர் சோதனைச் சாவடியில் பிடிபடும்.

நம்மிடம் அந்த நடு இடத்தில் இருப்பது டாஸ்மாக். டாஸ்மாக் என்றதும் எல்லோருக்கும் தெருமுனைக் கடைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் டாஸ்மாக் ஆரம்பித்தது 1983இல், மொத்த விற்பனைக்காக மட்டும். சில்லறைக் கடைகளை அது கையில் எடுத்தது 2003 நவம்பரில். நடுவில் 20 வருஷம் கடைகள் தனியாரிடம்தான் இருந்தன, அரசு குடோனை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தது. ஏன்? ஆயிரக்கணக்கான கடைகளில் வரி வசூலிப்பதைவிடச் சில டிப்போக்களின் வாசலில் நின்று வசூலிப்பது சுலபம். எத்தனை பெட்டி உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்ற கணக்கு அங்கேதான் இருக்கிறது. அரசு முதலில் பிடித்த இடம் எது என்று பாருங்கள், நான் ஏன் குடோனைப் பார் குடோனைப் பார் என்று அடித்துக்கொள்கிறேன் என்பது புரியும். கேரளாவில் பெவ்கோ, கர்நாடகத்தில் 2003இலிருந்து கேஎஸ்பிசிஎல், ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இதே மாதிரி அரசுக் கழகங்கள். டெல்லியில் 2021இல் மொத்த விற்பனையைத் தனியாருக்குக் கொடுத்து 12 சதவீத லாபம் என்று நிர்ணயித்தார்கள், அடுத்த வருஷமே பழைய முறைக்குத் திரும்பினார்கள். அந்தச் சண்டையெல்லாம் பெரிதும் நடு இடத்தைப் பற்றியதுதான். அமெரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டு, வாஷிங்டனுக்குப் பக்கத்தில் மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) பீர் மொத்த விற்பனை கவுண்டி நிர்வாகத்தின் கையில்.

அரசே நடுவில் நிற்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. தனியார் ஒருவர் கையில் போய்ச் சேர வேண்டிய லாபம் பொதுக் கஜானாவுக்குப் போகிறது, அது நல்லதுதான். என் கவலை வேறு. வாங்குகிறவர் ஒரே ஒருவர் என்றால், எந்த பிராண்டை எவ்வளவு வாங்குவார், எத்தனை நாளில் பணம் கொடுப்பார் என்பதற்கு ஊரறிய ஒரு விதி வேண்டாமா? 2025 ஜனவரியில் தெலங்கானாவில் என்ன நடந்தது? 2019-20க்குப் பிறகு விலையை ஏற்றித் தரவில்லை, பழைய பாக்கியும் வரவில்லை என்று சொல்லி யுனைடெட் புருவரீஸ் அங்கே கிங்ஃபிஷர் சப்ளையையே நிறுத்தியது. பிறகு திரும்பக் கொடுக்க ஆரம்பித்தார்கள், பிப்ரவரியில் அரசு 15 சதவீதம் விலை ஏற்றியது. அவ்வளவு பெரிய கம்பெனி என்பதால் சரக்கை நிறுத்திக் காட்ட முடிந்தது. ஒரு சின்ன ஆலைக்காரர் அப்படி நிறுத்தினால் ஆலையை மூட வேண்டியதுதான். டெக்சாஸ்காரர் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் மாட்டியிருக்கிறார் என்றால், அவருக்குக் கோர்ட்டில் காட்ட ஒரு சட்டமாவது இருக்கிறது. ஒரே ஒரு வாசல் உள்ள மாநிலத்தில் அவர் எதைக் காட்டுவார்?

சரி அம்மா, மகனின் நண்பருக்கு வருகிறேன். பழைய ஒப்பந்தத்தில் எந்தெந்தப் பகுதி கொடுத்திருக்கிறார் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். டெக்சாஸ் முழுவதையும் கொடுக்காமல் சில கவுண்டிகளை மட்டும் கொடுத்திருந்தால், மீதி இடத்தில் அவர் சுதந்திரமாக இருக்கிறார். அங்கே மூன்றடுக்கு முறைக்கு ஒரு விலக்காக, வருஷத்துக்கு 125,000 பேரலுக்குள் தயாரிக்கும் ஆலை, 40,000 பேரல் வரை தானே நேராகக் கடைகளுக்குப் போடலாம். நம் 650 மில்லி பாட்டில் கணக்கில் அது சுமார் 72 லட்சம் பாட்டில், சின்ன ஆலைக்கு அது தாராளம். ஏற்கெனவே கொடுத்த பகுதிக்கு, சரக்கு தேங்கிய தேதிகள், காலாவதியான பெட்டிகள், கடைக்காரர்களின் புகார் எல்லாவற்றையும் எழுத்தில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் தகுந்த காரணம் என்பதை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். அதோடு அந்த டிஸ்ட்ரிபியூட்டரிடம் உரிமையை வாங்க வேறு டிஸ்ட்ரிபியூட்டர் தயாராக இருக்கிறாரா என்றும் விசாரிக்கட்டும். அங்கே பெரும்பாலும் இந்த மாதிரிச் சிக்கல் கோர்ட்டில் முடிவதைவிட, புது ஆள் பழைய ஆளுக்குப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வதில்தான் முடிகிறது. என்ன ஆயிற்று என்று கட்டாயம் எழுதுங்கள்.