ஃபோர்க் ஆயில் சீல்: மாற்றுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே துண்டு

வணக்கம். பைக்கின் முன் ஃபோர்க் பைப்பை விரலால் தடவிப் பாருங்கள். லேசான பிசுபிசுப்பு இருந்தால் பயமில்லை. கறுப்பு வளையமாக எண்ணெய் நின்று, கீழே வழிந்திருந்தால் அது கசிவு. அந்த எண்ணெய் பிரேக் பேடில் பட்டிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். எண்ணெய் குடித்த பேடைத் தேய்த்துப் பயனில்லை, புதிதுதான் போடவேண்டும்.

எண்ணெயை உள்ளே தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். கசிகிறதே என்று உடனே அதை மாற்றிவிடாதீர்கள். பெங்களூரில் மெட்ரோ வேலை நடக்கிற சாலைத் தூசியும் மழைச் சேறும் மேலே இருக்கும் தூசி தடுக்கும் டஸ்ட் சீலைத் தாண்டி உள்ளே போய், ஆயில் சீலின் உதட்டடியில், அதாவது பைப்பை ஒட்டி நிற்கும் ரப்பர் விளிம்புக்கு அடியில், உட்கார்ந்துகொள்ளும். ஒரு மணல் துகள் போதும், உதடு தூக்கிக்கொண்டு எண்ணெய் வெளியேறும். சீல் நன்றாகவே இருக்கும்.

வீட்டில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கிடக்குமே, அதில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். ஒரு நுனியின் ஓரத்தில் சின்னக் கொக்கி மாதிரி செதுக்கி, பிசிறைத் தேய்த்துவிடுங்கள். ஏடிஎம் கார்டு வேண்டாம். தடிமன் அதிகம், உதடு கிழியும். பைப்பைத் துடைத்து, டஸ்ட் சீலை டேப் சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் மேலே நெம்பித் தூக்குங்கள். ஃபிலிமைப் பைப்புக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே மேலிருந்து இறக்கி, முழுச் சுற்று சுற்றி, கொக்கியால் அழுக்கை இழுத்தெடுங்கள். துடைத்துத் துடைத்து நாலைந்து தரம். கொஞ்சம் எண்ணெய் வரும், வரட்டும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கைப் பத்து முறை அமுக்கி, மறுநாள் பாருங்கள்.

மறுபடி வளையம் கட்டினால், நகத்தைப் பைப்பில் மேலும் கீழும் ஓட்டுங்கள். தட்டுகிற இடத்தில் துருப்புள்ளியோ கீறலோ இருக்கும். சின்னதை 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் எண்ணெய் தடவி, நுனி மழுங்கும் அளவுக்குத் தேயுங்கள். குரோம் உரிந்திருந்தால் புது சீல் போட்டும் காசு தண்டம், பைப்தான் மாற்றவேண்டும்.

சீல் மாற்றும்போது ஃபோர்க்கின் அடிப் போல்ட்டை மேல் மூடி கழற்றுவதற்கு முன்பே தளர்த்துங்கள். ஸ்பிரிங் அழுத்தம் இருந்தால்தான் உள்ளே இருக்கும் ராடு போல்ட்டோடு சேர்ந்து சுற்றாது. பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது. கழற்றிய பின் பிரேக் லீவரையும் தொடாதீர்கள். புது சீலை நுழைக்குமுன் பைப் முனையில் எண்ணெய் பூசிய பிளாஸ்டிக் கவர் போடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு உதட்டைக் கீறும். பழைய சீலை மேலே வைத்து, பிவிசி குழாயால் நேராகத் தட்டி இறக்குங்கள்.

பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் பழைய சீலைக் காட்டினால் போதும்; உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றும் அதிலேயே பதிந்திருக்கும். ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் சேர்த்தே வாங்குங்கள், அடிப் போல்ட்டின் செம்பு வாஷரோடு. எண்ணெய் அளவு வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் பார்த்து இரண்டிலும் ஒரே அளவு ஊற்றுங்கள். அதிகமானால் ஃபோர்க் விறைத்து, புது சீலையே பிதுக்கிவிடும்.